தொட்டிக்காற்று

சமையல் கத்தியின் நுனியைப் பன்றிக் கொழுப்பில் தோய்த்து, செத்துப்போன புருஷனின் நகக்கண்ணிலிருந்து தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் பெல்மீரா. வலது கை முடிந்துவிட்டது. இடது கையில் மூன்று விரல் பாக்கி. அடக்கத்துக்கு ஏற்பாடு செய்பவர், வெள்ளைக் கையுறை மாட்டிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இருபது வருஷம் இவன் கை பட்ட கதவு, கோப்பை, தலையணை எல்லாவற்றிலிருந்தும் அழுக்கைத் தேய்த்து எடுத்தவள், கடைசியாக ஒரு தடவை கையையே தேய்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பிரியத்தில் செய்ததாகச் சொல்ல முடியாது. அருவருப்பில் செய்தாள்.

ஃபிர்மினோ சவப்பெட்டிக்குள் சின்னதாகக் கிடந்தான். உயிரோடு இருந்தபோதும் சின்ன ஆள்தான். போர்த்துகீசியத் தீவிலிருந்து வந்தபோது வீடுகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவனை ஆற்றங்கரைக் கப்பல் பட்டறையில் எடுத்துக்கொண்டது அந்த உடம்புக்காகத்தான். அங்கே கட்டுகிற நீர்மூழ்கிக் கப்பலின் இரண்டு பக்கமும், தண்ணீரை நிரப்பி மூழ்கவும் வெளியேற்றி மிதக்கவும் தொட்டிகள் இருக்கும். அந்தத் தொட்டிகளுக்குள் போக இருக்கிற துளையில் பெருத்த ஆளின் தோள் நுழையாது. ஒல்லிப் பிச்சான்களாகப் பார்த்து நாலு பேரைப் பொறுக்கி, கையில் தூரிகையும் கம்பிக்கூண்டு விளக்கும் கொடுத்து உள்ளே இறக்குவார்கள். உள்சுவர் முழுக்க, துருப்பிடிக்காமல் இருக்கத் தார்ப் பூச்சு. அந்தத் தாரைக் கரைக்கிற தின்னரின் வாடை பெல்மீராவுக்குத் தெரியும். இனிப்பும் கசப்புமாக, ஷூ பாலிஷ் டப்பாவில் மட்ட ரக சாராயத்தை ஊற்றிவைத்த மாதிரி இருக்கும். அவள் அதைச் சாராயம் என்றே நினைத்திருந்தாள்.

முதலில் அந்த வாடை பிப்ரவரியில் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் கப்பல் தளத்தில் நடக்கிறவன்போல நடந்தான். வாசற்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்தான். ஒரு நாள் காலணியைக் கழற்றி அடுப்புக்குள் வைத்து, ரொட்டி வெந்துவிட்டதா என்று அவளைக் கேட்டான். இன்னொரு நாள் படுக்கையிலேயே வாந்தி எடுத்தான். அவள் அவனுடைய கம்பளியை எடுத்துப் பின்பக்கத்துக் கரிக்கொட்டகையில் போட்டுவிட்டு, இனி அங்கேதான் படுக்கை என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா தீவில் குடித்தே செத்தவர். அந்த வாழ்க்கை இன்னொரு தடவை வேண்டாம் என்பதில் அவள் கல்லாக இருந்தாள்.

"குடிக்கல பெல்மீரா. தொட்டிக்காத்து அப்படிப் பண்ணுது" என்று கொட்டகை வாசலில் நின்று சொன்னான்.

"எந்தக் குடிகாரன் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டிருக்கான்?" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அவன் சொல்லவில்லை. ஐந்து வாரம் கரிக்கொட்டகையில் படுத்தான். மார்ச் கடைசியில் நீர்மூழ்கியை ஆற்றில் இறக்கினார்கள். பேண்டு வாத்தியம் முழங்க, ஒரு கடற்படை அதிகாரியின் மனைவி கப்பலின் மூக்கில் பாட்டிலை உடைத்தாள். நுரை அவளுடைய ரோமக் கோட்டில் தெறித்தது, ஊரே கைதட்டியது. ஃபிர்மினோ வெளுத்த காலரோடு கடைசி வரிசையில் நின்றான். நீ பூசின இடம் எது என்று பெல்மீரா கேட்டதற்கு, வெளியில் தெரிகிற எதுவும் இல்லை என்று சொல்லிச் சிரித்தான்.

அன்றிலிருந்து அவன் நிதானமாக வீடு வந்தான். பெல்மீரா கம்பளியைத் துவைத்து உள்ளே கொண்டுவந்தாள். மாதா கோயில் பெண்களிடம், ஒரு மாதம் கொட்டகையில் போட்டேன், மனுஷன் திருந்திவிட்டான் என்று பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டு இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் செய்து பார்த்தார்கள்.

கோடை முழுக்க நீர்மூழ்கி வெள்ளோட்டம் போனது. சொன்ன ஆழம் வரை முங்கி எழுந்தது என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். இலையுதிர்காலத்தில் தெற்கே வெதுவெதுப்பான கடலுக்குப் போனபோதுதான் சனியன் பிடித்தது. தொட்டிக்குள் பூசிய தார் பாய் பாயாக உரிந்து வடிகால் வலைகளில் போய் அடைத்துக்கொண்டது. ஒரு தொட்டி காலியாகிவிட, பக்கத்துத் தொட்டி தண்ணீரை விடவில்லை. கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க, மாலுமிகள் குழாய்களைப் பிடித்துத் தொங்கினார்களாம். தப்பித்து வந்தது பெரிய காரியம். பிப்ரவரிக் குளிரில் இரும்பு வேர்த்திருக்கும்போது தார் ஒட்டாது என்று பூசியவர்கள் அப்போதே சொல்லியிருந்தார்கள். ஆனால் அழைப்பிதழில் தேதி அச்சாகிவிட்டது. இப்போது திரும்பி வந்ததும், வேலை சுத்தமில்லை என்று அதே நாலு பேர்மேல் பழியைப் போட்டு, பத்து நாளில் எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி பூசச் சொன்னார்கள்.

நவம்பர் இரண்டாம் வாரம் ஃபிர்மினோ மறுபடியும் தள்ளாடி வந்தான். பெல்மீரா கம்பளியைக் கொட்டகையில் போட்டாள். எட்டாவது நாள், திங்கட்கிழமை மூன்று மணிக்கு, மூன்றாம் தொட்டியிலிருந்து அவனை அக்குளில் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். அதற்குள் போய்விட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் பட்டறை ஆபீசிலிருந்து ஹேலட் என்பவர் வந்தார். சுத்தமான மனிதர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கேட்கவே சங்கடமாக இருக்கிறது, அவர் குடிப்பாரா என்று மெதுவாகக் கேட்டார். பெல்மீரா அன்று காலையில்தான் வாந்தி பட்ட கம்பளியை அலசிப் போட்டிருந்தாள். துக்கத்தைவிட ஆத்திரம் முன்னால் நின்றது.

"குடிப்பான். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள்.

ஹேலட் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். கூட வந்த ஆள் குறித்துக்கொண்டான்.

இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம். முன்னறையில் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். யாரோ கீரை சூப் கொண்டுவந்தார்கள், யாரோ இனிப்பு ரொட்டி. பட்டறை வாசலில் காவல் வேலை பார்க்கிற அவளுடைய தம்பி அவெலினோ இரண்டாவது கிண்ணம் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெண்கள் அவள் காதில் பட, பாவம், எவ்வளவு பொறுமையாக இருந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். பெல்மீரா கத்தியைத் துடைத்துவிட்டு எழுந்தபோது வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

செட்டிமியோ நின்றுகொண்டிருந்தான். ஃபிர்மினோவோடு தொட்டியில் வேலை செய்த இத்தாலிக்காரன். வேலை உடுப்போடு வந்திருந்தான், முட்டிவரை தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சவப்பெட்டியைப் பார்த்துச் சிரிக்க, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெல்மீராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. துஷ்டி வீட்டுக்குக் குடித்துவிட்டு வருகிறானே என்று அவன் சட்டையைப் பிடித்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் இழுத்துப்போனாள். கீரைப் பாத்தி ஓரம் போனதும் அவன் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். தெளிந்த தண்ணீர்தான் வந்தது.

அவனை நிமிர்த்துவதற்காகக் குனிந்தவள் அவன் மூச்சை நேராக முகர்ந்தாள். அதே வாடை. இனிப்பும் கசப்பும். எட்டு நாள் அவள் கம்பளியிலிருந்து அலசிய அதே வாடை.

"என்னத்தைடா குடிச்சே?"

"காலையில காப்பி அண்ணி" என்று அவன் வாயைத் துடைத்தான். "குடிக்க எங்க நேரம்? ரெண்டு மணி நேரம் உள்ள இருந்தா பாட்டு வரும். இன்னும் கொஞ்சம் இருந்தா எங்க கூட இருக்கிற ஓரின் அழுவான், நான் சிரிப்பேன். அண்ணன் உங்களைப் பத்திப் பேசுவாரு. வெளிய வந்தா கால் நிக்காது."

காற்று வர வழியே இல்லையா என்று அவள் கேட்டாள். ஊதுகுழாய் இருக்கிறது, ஆனால் அதைப் பிப்ரவரியிலும் கேட்டோம், இப்போதும் கேட்டோம், வெல்டிங் ஆட்களுக்கு வேண்டும் என்று தரவில்லை என்றான். பேச்சு இன்னும் குழறியது. நாளைக்கும் மூன்று பேர் அதே தொட்டியில் இறங்க வேண்டும், வியாழக்கிழமை கப்பல் புறப்பட்டாக வேண்டும்.

"அவன் எங்கிட்ட இதையெல்லாம் சொல்லவே இல்லையே" என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

செட்டிமியோ தரையைப் பார்த்தான். "சொன்னேன்னாரு அண்ணி."

பெல்மீரா கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிப்ரவரியில் தொட்டி, பிப்ரவரியில் குடி. கப்பல் கடலில் திரிந்த ஏழெட்டு மாதமும் அவன் பச்சைத் தண்ணீர்போல இருந்தான். கப்பல் திரும்பியது, குடியும் திரும்பியது. சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டிருக்கும். அவளோ திருத்திவிட்டேன் என்று கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஹேலட் கையை அழுத்தியபோது அவர் முகத்தில் தெரிந்தது இரக்கம் இல்லை, நிம்மதி என்று இப்போது விளங்கியது. அவர் தொட்ட கையை அவள் பாவாடையில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்தக் கை தன்னுடையது என்பதே குமட்டலாக இருந்தது.

உள்ளே வந்தபோது ஹேலட்டே வந்திருந்தார். சவப்பெட்டிக்கு முன் தலைகுனிந்து நின்றுவிட்டு, அவளை மூலைக்கு அழைத்து ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். நேற்று சொன்னதுதான், ஒரு கையெழுத்து போதும் என்றார். அவெலினோ முன்வந்து அதைப் படித்துக் காட்டினான். போதையில் வேலைக்கு வந்ததால் நேர்ந்த மரணம்; பட்டறையின் வேலை முறையில் குறை எதுவும் இல்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு" என்றாள் பெல்மீரா. "அவன் குடிக்கல."

ஹேலட் குரலைத் தாழ்த்தினார். துக்கத்தில் இப்படித் தோன்றுவது இயற்கை என்றும், நேற்று அவள் சொன்னதை இரண்டு பேர் கேட்டார்கள் என்றும் சொன்னார். அவெலினோ அவள் முழங்கையைப் பிடித்தான். மீசையில் சூப் ஒட்டியிருந்தது.

"நீயே எல்லார்கிட்டயும் சொன்னதுதானே அக்கா. ஊருக்கே தெரியும். இப்ப மாத்திப் பேசினா எம்பொழப்புதான் போகும்."

அவள் அவன் மீசையைப் பார்த்தாள். இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தோம் என்று நம்ப முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய், கிணற்றுக் குழாயடியில் உட்கார்ந்திருந்த செட்டிமியோவை அழைத்துவந்தாள். இதற்குள் அவன் சிரிப்பு அடங்கியிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. ஹேலட்டின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் அவனை நிறுத்தினாள்.

"வாயை மோந்து பாருங்க" என்றாள்.

ஹேலட் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"காலையிலிருந்து உங்க தொட்டிக்குள்ள இருந்தவன். குடிச்சிருக்கானான்னு மோந்து பாத்துச் சொல்லுங்க. எம்புருஷன் மேலயும் இதே வாடைதான் அடிச்சுது. நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்."

அவெலினோ கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஹேலட் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். மூடியபின்தான், தான் செய்தது என்னவென்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், காது சிவந்தது. தாளை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பிறகு பேசலாம் என்று கிளம்பினார். பெல்மீரா அவருடைய தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். விரல் படாமல் வாங்கிக்கொண்டார்.

பிறகு பேச அவர் வரவில்லை. கையெழுத்து இல்லாமலே அந்தத் தாள் போகவேண்டிய இடத்துக்குப் போனது என்று அவெலினோ மறுநாள் காலையில் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். ஆனால் விடிந்ததும் மூன்றாம் தொட்டிக்கு ஒரு ஊதுகுழாய் வந்திருந்தது. மூன்று தொட்டிக்கு ஒன்று. முறைவைத்து மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம். ஆற்றைப் பார்த்த மேட்டில் கல்லறைத் தோட்டம். குழிக்கு இந்தப் பக்கம் உறவும் கோயில் ஜனமும் நின்றார்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கிய பிறகு தொட்டி ஆட்கள் மூன்று பேரும் வந்து அந்தப் பக்கம் நின்றார்கள். ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்திருந்தார்கள். உடுப்பு மாற்ற நேரமில்லை. செட்டிமியோ தலையைத் தொங்கவிட்டிருந்தான். அவனுக்கு அடுத்து நின்ற ஓரின், அறுபதைத் தொடுகிற நரைத்த மனிதன், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் முறைக்குக் குழாய் வரவில்லை போலும்.

பாதிரியார் மண் என்று சொன்ன இடத்தில் ஓரின் களுக்கென்று சிரித்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். கைக்குப் பின்னாலும் சிரிப்பு நிற்கவில்லை. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். பெண்கள் முகத்தைச் சுளித்துப் பாவாடையை ஒதுக்கிக்கொண்டார்கள். இதுகளை யார் உள்ளே விட்டது என்று ஒருத்தி கேட்டது காற்றில் தெளிவாக வந்தது.

பெல்மீரா குழியைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போனாள். ஈரமண்ணில் காலணி புதைந்தது. ஓரினுக்குப் பக்கத்தில் நின்று அவன் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள். அவன் முழுப் பாரத்தையும் அவள்மேல் சாய்த்தான். கறுப்பு உடுப்பின் தோளில் தார் பட்டது.

அவள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, பாதிரியாரைப் பார்த்து, மேலே படிக்கும்படி தலையசைத்தாள்.