சுவரை வெறித்த தலைக்கவசங்கள்

கதிரவன் மேற்கே சாய்ந்து, கூரைகளும் மாடமுகடுகளும் செம்பொன் பூசி நிற்க, கடைக் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட, பணி முடித்த மாந்தர் தளர்நடையோடு இல்லம் புகும் அந்தி வேளையில், நெடுந்தெருவின் கோடியிலிருந்த மாடிவீட்டுப் படிகளில் ஒருத்தி மட்டும், கனத்த வெண்கல விளக்கொன்றை நெஞ்சோடு அணைத்து மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தாள். கற்றறிந்தீர், அவள்மேல் இரக்கம் கொள்க. அவளுக்குத் தம்பியர் இருவர்.

மேல்தளத்தில் கடிகாரம் செப்பனிடும் மூத்தவன். கீழ்த்தளத்தில் துணி தைக்கும் இளையவன். எதற்கென்று தாமே மறந்துவிட்ட பூசலால் பல்லாண்டு பேச்சற்றவர்கள். ஒருவன் சொல்லை மற்றவனிடம் சேர்ப்பது தமக்கையின் பாடு. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. மறுநாள் அவள் கடல்கடந்து மகள் வீட்டோடு தங்கப் போகிறாள். தான் போனபின் இவ்விருவரும் ஒருவருக்கொருவர் செத்தவர்போல் ஆகிவிடுவரே என்னும் அச்சம் அவளை அரித்தது.

தம்பியர் கவலையோ வேறு. பிரெஞ்சு நாட்டு வார்ப்பர் பண்டு வார்த்த கிளைவிளக்குகள் இரண்டைத் தந்தை விட்டுச்சென்றிருந்தார். மெழுகுதிரி ஏந்தும் கைகள் சூழ, நடுத்தண்டில் கேடயமும் வாளும் ஈட்டிகளும் வாகைமாலையும் செறிய, உச்சியில் உரோமானியப் படைத்தலைவனின் தலைக்கவசம் பக்கம் நோக்கி நிற்கும். அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். ஆளுக்கொன்றாய்ப் பிரித்தவர்கள் இடவலம் மாற்றி எடுத்ததால், இரு வீட்டு மூலையிலும் கவசம் சுவரையே வெறித்தது. திருப்பி வைத்தால் கேடயம் மறைந்துவிடுமாம்! மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடுத்தவன் தளத்தை மிதிக்க இருவருக்கும் மனமில்லை. ஆகவே, ஊருக்குப் புறப்படுமுன் அதையும் தமக்கையே செய்யவேண்டுமாம்.

மூத்தவனின் விளக்கை முன்னரே பாதிவழி இறக்கி வைத்திருந்தாள். இளையவனின் விளக்கோடு அவள் அதனருகே வந்தபோது, வெண்கல ஈட்டியொன்று அவள் மறுநாளைக்கென உடுத்திப் பார்த்திருந்த பயண ஆடையைச் சர்ரெனக் கிழித்தது. பொறுமையும் உடன் கிழிந்தது. விளக்கைத் தொப்பென வைத்து, தலையில் அடித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. வெளக்கு ரெண்டும் நடுப்படியில இருக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கங்க. இனிமே நான் எதையும் தூக்க மாட்டேன், வெளக்கையும் சரி, உங்க பேச்சையும் சரி.”

ஒருவன் இறங்கினான், ஒருவன் ஏறினான். தம்பியை ஒதுங்கச் சொல்லும்படி மூத்தவன் தமக்கையிடம் சொன்னான். அவள் அதைச் சேர்க்காமல் கிழிசலை நீவினாள். அவன் சினந்து, விளக்கின் கையொன்றைப் பற்றி வெடுக்கெனத் தூக்கினான்.

“கையப் பிடிச்சுத் தூக்காதண்ணே, கழண்டுரும். அடியப் பிடி.”

மூத்தவன் பிடியை அடிக்கு மாற்றினான். பின்னர், “எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அதைக் கழட்டினதே நீதானடா,” என்றான்.

இல்லவே இல்லை, கழற்றியவன் நீதான் என்று இளையவன் மறுக்க, பூசல் புதிதாய் மூண்டது. தமக்கை கிழிந்த ஆடையில் முகம் புதைத்து அழுதாள், சிரித்தாள்.

மறுநாள் அவள் புறப்பட்டபோதும் விளக்குகள் நடுப்படியிலேயே ஒன்றையொன்று பார்த்து நின்றன. யார் கழற்றியது என்பது இன்னும் முடிவாகவில்லை. உடன்பிறந்தார் பகை தீரப் பெருமொழிகள் வேண்டுவதில்லை. ஒருவன் தவறாய்த் தூக்கும்போது மற்றவனால் வாய்மூடி இருக்க முடியாமற் போனால் போதும். தைத்துத் தருகிறேன் என்று இளையவன் கேட்டும் கொடாமல், அவர்களைப் பேசவைத்த அந்தக் கிழிசலோடே அவள் கப்பலேறினாள்.