பங்களாக் குளம்

பங்களாப் புல்வெளியில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்ட நாற்காலி. குமரியாக இருந்த காலத்திலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். தோட்டத்துத் துரை குடியிருந்தபோது இந்தப் பங்களாவின் பின்வாசல் வரைக்கும்தான் நாங்கள் வந்திருக்கிறோம். இப்போது துரை இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாகிவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் துணி அழுக்காகிவிடுமோ என்று பயந்து நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். வாயில் கேக்கை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவது? அதற்குத்தான் கேக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளத் தடுப்புக் கமிட்டியின் கூட்டம் அது. மேலே எங்கள் லயம், கீழே வயல் வைத்திருக்கும் சிங்களக் கிராமம், தோட்ட நிர்வாகம், ஹோட்டல், எல்லோரும் கைகோத்து ஓடையைக் காப்பாற்ற வேண்டுமாம். ஹோட்டல் வாசலில் அப்படி ஒரு போர்டே வைத்திருந்தார்கள். பதுளையிலிருந்து வந்த அதிகாரி நன்றாகத்தான் பேசினார். முடிவில் ஆளுக்கொரு மருதங்கன்று கொடுத்தார். அது வேர் பிடித்து மண்ணை நிறுத்தும்போது எனக்குப் பல் இருக்காது. என் மகள் யசோதினி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மழையும் அப்போதுதான்.

லயத்தின் கடைசிக் காம்பராதான் எங்கள் வீடு. போன மழையில் தண்ணீர் புகுந்து பின்சுவர் விழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் வாரக்கணக்கில் பெஞ்சில் கிடந்தோம். பிள்ளை பெற்ற பச்சை உடம்பை அந்தப் பெஞ்சில் கிடத்த மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. ஹோட்டல்காரர்கள் ஓடைக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கி, அழகுக்கு ஒரு குளம் கட்டி, சிவப்பு மீன் விட்டிருந்தார்கள். குளம் நிரம்பினால் பழைய ஓடைக்குப் போகாமல் எங்கள் லயத்து வடிகால் கானில்தான் வழியும். எங்கள் கொல்லை மண்ணை வாரிக்கொண்டு போய்க் கீழே வயலில் கொட்டும். நாங்கள் மண்ணைத் தள்ளிவிடுகிறோம் என்று கிராமத்தார் எங்களைத் திட்ட, அவர்கள் மதகை அடைக்கிறார்கள் என்று நாங்கள் அவர்களைத் திட்ட, குளம் மட்டும் யார் வாயிலும் விழாமல் சுகமாக இருந்தது.

நான் எழுந்தேன். கமிட்டிச் செயலாளர் ஜெயகுமார் எங்கள் லயத்துப் பையன்தான். சேலையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, இன்னைக்கு வேணாம். வந்தவங்க முன்னால..."

"பின்ன யாரு முன்னால பேசச் சொல்ற? ஐயா, அந்தக் குளத்துக் கரைய எப்ப வெட்டுவீங்க?"

ஹோட்டல் மேனேஜர் கிரிஷாந்தன் சிரித்தார். பதுளையில் பெரிய கடைக்காரர் மகன். "அது எங்க இடம்மா. கமிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." அதிகாரி, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். அடுத்த கூட்டம் தை மாதத்தில். அதற்குள் என் பேரப்பிள்ளை மிதந்துவிடும்.

கன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, கிராமத்துக் குசுமா அக்கா பின்னாலேயே வந்தாள். அவளும் கேக்கைத் தொடவில்லை. அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை.

"வெட்டறதா?" என்றாள்.

"வெட்டறதுதான்."

"ஒரேயடியா வேணாம். எங்க வயல் போயிடும். கொஞ்சம் கொஞ்சமா. கீழ மதகுல என் மகன் நிப்பான்."

இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் திட்டிக்கொண்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. மம்பட்டியோடு நாங்களும், குசுமா அக்காவோடு நாலைந்து பெண்களும் குளத்தங்கரையில் ஏறினோம். முதலில் மீன்களை வாளியில் அள்ளித் தொட்டியில் விட்டோம், அதுகள் என்ன பாவம் செய்தன. ஒரு மூட்டையை எடுப்போம். தண்ணீர் பழைய ஓடையில் இறங்கும். குசுமா அக்கா மகனுக்குப் போன் போடுவாள். அவன் சரி என்றால் அடுத்த மூட்டை. மத்தியானத்துக்குள் கரையில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு வாய் திறந்துவிட்டது.

கிரிஷாந்தன் ஓடி வந்தார். "யாரக் கேட்டு வெட்டுறீங்க?"

"எல்லாரும் சேந்து செய்யணும்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கீங்களே, தம்பி. நாங்க எங்க பங்க செஞ்சிட்டோம்."

பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்க என்றேன். நாங்கள் இறங்கிய அடுத்த நிமிஷமே ஆள் வைத்து அடைப்பார் என்று எனக்குத் தெரியும். அப்போது யசோதினி போன் போட்டாள். "அம்மா, வீட்டுக்குப் பின்னால தண்ணி வர்றது நின்னுருச்சு. கானு காயுது. நீ எப்ப வருவ?"

"இப்ப வரல. நீ சாப்பிட்டுப் படு."

கூட்டத்துக்குப் போட்ட நாற்காலிகள் இன்னும் புல்வெளியிலேயே கிடந்தன, போய் இரண்டைத் தூக்கி வந்தேன். வெட்டிய வாய்க்குப் பக்கத்தில் சேற்றில் அழுத்திப் போட்டு, ஒன்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். குசுமா அக்கா மற்றதில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். அதுவரை பாதையிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஜெயகுமார் போய் இன்னும் நாலு நாற்காலிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

கீழே வளைவில் பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. வெள்ளைத் துணியெல்லாம் நனைந்து செம்மண் ஏறியது. குசுமா அக்கா எனக்கு ஒரு வெற்றிலை நீட்டினாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.