கீழ்வீட்டுக்கு என்ன வாடகை

என் மனைவி கோமுவுக்குச் சென்னையில் ஆறு மாதம் சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்கும் சென்னைக்குமாக அலைய அவள் உடம்பில் தெம்பில்லை. அங்கேயே வீடு பார்க்க வேண்டியதாயிற்று. நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். ஒரு படுக்கையறை வீடு, வேளச்சேரியில் பதினெட்டாயிரம். குரோம்பேட்டை பதிமூன்று. கூடுவாஞ்சேரி எட்டு. மதுரை என்றால் ஏழுதான், ஆனால் டாக்டர் சென்னையை விட்டு இறங்கவில்லை. கடைசி வரியில், சும்மா ஒப்பிட்டுப் பார்க்க, திருநெல்வேலி டவுணில் என் கீழ்வீடு: ஒன்பது.

"கூடுவாஞ்சேரியைக் காட்டிலும் நம்ம வீடு ஆயிரம் கூட" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நம்ம வீட்டுல ஆத்துத் தண்ணி வருதுல்லா. அதுக்கு ஆயிரம்" என்றாள் கோமு.

அந்த ஒன்பதாயிரம் தானாக வரவில்லை. கீழ்ஹாலைப் பெரிதாக்கினால் வாடகை கூடும் என்று மாடிப்படியைக் குறுக்கிக் கட்டினேன். மாடியில் நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இல்லை. கீழே வன்னியராஜ், தாயாரோடும் மனைவியோடும். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. கோமு படுப்பதற்கு முந்தின வருஷம் அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, நேரே மாடிக்கு வந்து கேட்டான்.

"அண்ணாச்சி, அம்மையை ஒரு மணி நேரம் ஹால்ல வச்சுக்கிடட்டுமா. தெருக்காரங்க பாக்கணும்லா."

"அது சரிப்படாதுவே. பொணம் கெடந்த வீடுன்னா நாளைக்கு வாரவன் ரெண்டாயிரம் கொறச்சுத்தான் கேப்பான். நேரே ஒம்ம ஊருக்குக் கொண்டு போயிரும்."

கொண்டு போய்விட்டான். பிறகும் காலி செய்யவில்லை. ஐந்தாம் தேதி வாடகை தவறாது. பேச்சு மட்டும் நின்றுபோயிற்று.

"எனக்கு மருதாணி அரச்சுத் தந்த அம்மா அவ" என்றாள் கோமு அன்றைக்கே. "ஒரு மணி நேரத்துல ஒங்க வீடு கரைஞ்சா போயிரும்?" இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

குரோம்பேட்டையில் வீடு அமைந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பேஷண்ட்னா பரவால்ல சார். ஆனா ஏதாவது ஆச்சுன்னா இங்க கொண்டு வரக்கூடாது. அப்படியே ஊருக்கு எடுத்துட்டுப் போயிடணும்."

"நியாயந்தானே" என்றேன். கோமு பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் போனதும் சொன்னாள்: "ஒங்க நியாயம் எனக்கு வேண்டாம். என்னைய நம்ம வீட்டுல வச்சுத்தான் எடுக்கணும். சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் போய்விட்டாள். மறுநாள் காலை ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழையும்போதுதான் எனக்கு மாடிப்படி நினைவுக்கு வந்தது. ஐஸ் பெட்டி அதில் ஏறாது. ஸ்ட்ரெச்சரைக்கூடத் திருப்ப முடியாது. கீழ்ஹாலை விட்டால் கோமுவுக்கு இடமில்லை. வன்னியராஜுக்கு போன் செய்ய நம்பரை எடுத்தேன். என்ன வார்த்தையில் கேட்பது? போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

வண்டி நின்றபோது அவன் வாசலில் நின்றான். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஹாலை ஒழிச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. உள்ள கொண்டாரச் சொல்லுங்க."

கட்டில், டிவி எல்லாம் அடுக்களைக்குள் ஒதுக்கியிருந்தான். தரை கழுவி ஈரம் காயவில்லை.

"ஒரு மணி நேரம் போதும்" என்றேன்.

"மணிக்கணக்கெல்லாம் பாக்காதிய. மதினியை எடுக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

நாலு மணி நேரம் இருந்தாள். தெரு முழுக்க வந்து பார்த்தது. அவன் மனைவிதான் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

பதினாறு கழிந்தது. ஐந்தாம் தேதி வன்னியராஜ் வாடகையோடு மாடிக்கு வந்தான். எண்ணினேன். ஏழாயிரம்.

"ரெண்டாயிரம் கொறையுதே வன்னியராஜ்."

"பொணம் கெடந்த வீடுல்லா அண்ணாச்சி. நீங்க சொன்ன கணக்குத்தான்."

அவன் சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பிறகு, அந்தப் படியில் எல்லோரும் இறங்குவதுபோல, ஒருக்களித்து இறங்கிப் போனான்.

காலண்டர் தாள் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கடைசி வரியில் ஒன்பதை அடித்து ஏழு என்று எழுதினேன். மதுரையும் நாங்களும் இப்போது சமம்.