ஒன்றரை நாள் வெப்பம்

குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்குகிற எண்ணெய் விற்கும் கிடங்கில் அவளை டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டு டேங்க் எந்த நாளில் காலியாகும் என்று சொல்வது அவள் வேலை. வீட்டுக்காரர்கள் போன் செய்யத் தேவையில்லை. தினமும் எத்தனை டிகிரி குளிர் என்று குறித்து, அந்தக் குளிருக்கு அந்த வீட்டைச் சூடாக்கும் பர்னர் எத்தனை லிட்டர் எரித்திருக்கும் என்று கூட்டிக்கொண்டே வந்து, தீருவதற்குச் சற்று முன்னால் டேங்கர் லாரியை அனுப்பிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. மற்றவர்கள் ஒரு வாரம் மிச்சம் வைத்து லாரி அனுப்புவார்கள். இவளுக்கு நாலு மணி நேரம் மிச்சமிருந்தால் போதும். அதில் ஒரு பெருமை. பாழாய்ப்போன பெருமை.

போன குளிர்காலத்தில் அந்தப் பெருமை ஓர் ஆளை விழுங்கியது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

டேங்க் வெளியே இருக்கும் வீடுகளில், கடுங்குளிர் வந்தால் எண்ணெய் மெழுகாகத் திரண்டு குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த வீடுகளுக்கு மட்டும் மண்ணெண்ணெய் நிரப்புவார்கள். அது லேசில் உறையாது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் சூடு குறைவு, நூற்றுக்கு மூன்று. கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம் இது. ஐம்பது நாள் வரவேண்டிய டேங்க் ஒன்றரை நாள் முன்னதாகவே தீர்ந்துவிடும். மண்ணெண்ணெய் வீடுகளின் கணக்கைத் திருத்தும்போது ஒரே ஒரு வீட்டை அவள் விட்டுவிட்டாள். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் தனியாக இருந்த வீடு. புதன்கிழமை மதியம் லாரி போய்ச் சேர்ந்தபோது, அவர் சமையலறை நாற்காலியில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருந்தார்.

பர்னர் பழுதாகியிருக்கும், பாவம், வயசானவர் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்கள் வெடித்துவிடக் கூடாதே என்று மறுவாரம் அவர் மகள் சொல்லி டேங்கை நிரப்பினார்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்ற சீட்டு டிகிரி அக்காவின் மேசைக்கு வந்தது. தொள்ளாயிரம் லிட்டர் டேங்க். தொள்ளாயிரமும் பிடித்திருந்தது; அப்படியானால் பழுது இல்லை, டேங்க் வறண்டு கிடந்திருக்கிறது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போகும், பேர் போகும், எல்லாம் போகும். சீட்டைக் கோப்பில் செருகிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டு பர்னர் அவள் காதுக்குள் ஓடுகிறது. மோட்டார் சுழலும். பொறி தட்டும். தீ பிடிக்காது. நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் சுழலும். பேருந்தில் கேட்கும், குளிக்கும்போது கேட்கும், கணவர் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கும். "உனக்குக் காது கேக்குதா இல்லையா?" என்பார் அவர். கேட்பதுதானே தொல்லை, அதை எப்படிச் சொல்வாள்?

இந்தக் குளிர்காலத்தில் தையல்காரரின் மகள் அந்த வீட்டுக்கே குடிவந்தாள். இருப்பது ஒருத்தி. எண்ணெய் இறங்குவதோ இரண்டு பேருக்கு. தையல்காரர் இருந்தபோது என்ன எரிந்ததோ அது அப்படியே எரிந்தது. அதற்கு மேல் இன்னொரு அறைக்கும் எரிந்தது. டிகிரி அக்கா மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் சொல்லிவைத்தாற்போல அதே எண். செத்தவர் இன்னும் அங்கே குளிர்காய்கிறாரா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

டேங்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று கிடங்கில் சொல்லிவிட்டு, ஒரு மத்தியானம் கிளம்பிப் போனாள். அளவுகோலை டேங்குக்குள் விட்டுப் பார்த்தாள். கசிவு இல்லை. வீட்டுக்குள் வந்து அறைகளுக்குச் சூடு தரும் ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். கோடியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியே சூடாக இருந்தது. திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. விரித்து வைத்த படுக்கை, மடிப்புக் கலையாத போர்வை. ஆள் இல்லை.

"இங்க யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்லக்கா. அப்பா ரூம்," என்றாள் பின்னால் வந்த மகள். "அவருக்குக் குளிரக் கூடாது, அவ்வளவுதான். பைத்தியம்னு நினைச்சுக்காதீங்க."

"ஐயோ, நான் ஒண்ணும் நினைக்கலம்மா."

"அன்னைக்கு எனக்கு போன் பண்ணார். மெஷின் ஓடலம்மா, டேங்க் காலின்னு நினைக்கிறேன்னார். நான்தான் கேக்கல. எண்ணெய்க்காரங்க கணக்கு தப்பவே தப்பாதுப்பா, நாளைக்கு எப்படியும் வருவாங்க, அதுவரைக்கும் மெஷினைத் திரும்ப ஓட வைக்கிற அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கிக்கிட்டே இருங்கன்னேன். சரிம்மான்னார். அதுக்கப்புறம் போனே பண்ணல."

கீழே பர்னர் சுழன்று, பொறி தட்டி, தீ பிடித்தது. டிகிரி அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். கசிவு இல்லைம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. இந்தப் பெண் மட்டும் காலத்துக்கும் இந்த அறையைச் சூடேற்றிக்கொண்டிருப்பாள்.

"கணக்கு தப்பும்மா," என்றாள். "போட்டது நான்தான். மண்ணெண்ணெய்க்குக் குறைக்க மறந்துட்டேன். பட்டன்ல ஒண்ணும் இல்ல, உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. டேங்க் நிஜமாவே காலி. தெரிஞ்சும் ஒரு வருஷமா மறைச்சுட்டேன்."

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போய் ஒரு பென்சிலும் தாளும் எடுத்து வந்து டிகிரி அக்காவின் கையில் கொடுத்தாள்.

"எத்தனை மணிக்குத் தீந்துதுன்னு போட்டுச் சொல்லுங்க. இப்பவாவது சரியா போடுங்க."

போட்டாள். முன்பு போட்ட கணக்குப்படி புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி. அதில் ஒன்றரை நாள் கழித்தால்—

"செவ்வாக்கிழமை விடியக்காலைல நாலு மணி."

"நாலா?" மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஏதோ தப்பிருக்கும் என்பது போல எண்களை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அவர் கூப்பிட்டது அன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்குக்கா. அதுக்கு முன்னாடி யார் எழுப்பினாலும் நான் கத்துவேன்," என்றாள். "நான் எந்திரிக்கட்டும்னு அஞ்சு மணி நேரம் குளிர்ல உக்காந்திருந்திருக்கார்."