ஒன்பதாவது தோல்வி

'தொழில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'ஏசி மெக்கானிக்' என்று போனில் மூன்றாவது தடவையாக அடித்து, மூன்றாவது தடவையாக அழித்தான் ஜெரிஷ்.

இறந்தவர்களைப் பதப்படுத்தி ஊருக்கு அனுப்பும் சோனாப்பூர் எம்பாமிங் சென்டரின் வெளி ஹால். காலை பதினொரு மணி. உள்ளே அவன் அண்ணன் வில்பிரட்டைப் பெட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டால் போய் முகம் பார்க்கலாம், பத்து நிமிஷம். பிறகு பெட்டி, ஆம்புலன்ஸ், கார்கோ, சாயங்கால விமானம். அதே விமானத்தில் ஜெரிஷுக்கும் டிக்கெட். அதற்குள் வாழ்க்கைக் குறிப்பை அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து போதகர் ஐயா இரண்டு தடவை கேட்டுவிட்டார். நாளைக்கு அடக்க ஆராதனையில் சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டியது, இன்றைக்கே அச்சுக்குப் போயாக வேண்டும்.

பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. ஷார்ஜாவில் ஒரு கட்டடத்து மொட்டைமாடியில், கையில் ஸ்பேனரோடு, நாற்பத்தொரு வயதில் மாரடைப்பு என்பதுகூட வந்துவிட்டது. தொழில்தான் வரவில்லை.

அண்ணனின் மனைவி தேவகனி மைனியின் வாய்ஸ் மெசேஜை இன்னொரு தடவை காதில் வைத்துக் கேட்டான். அழுது அழுது தேய்ந்துபோன குரல்.

"ஜெரிஷு, சண்டைய பத்தி ஒண்ணும் எழுதாண்டாம் கேட்டியா. சபை ஹால்ல ஸ்கிரீன் கெட்டி ஊரே இருந்து பாத்துது. நீ ஒத்த வரி எழுதுனாலும் அவியளுக்கு அந்த நெனப்புதான் வரும். ஏசி மெக்கானிக்குன்னு எழுதிரு. அதுல அவரு தோக்கல்ல."

அந்த நினைப்பு ஜெரிஷுக்கு வராத நாள் உண்டா என்ன?

வில்பிரட் பகலில் ஏசி ரிப்பேர் பார்த்தார். சாயங்காலம் ஜிம்மில் பிள்ளைகளுக்குப் பிடிகள் சொல்லிக் கொடுத்தார். அவ்வப்போது கூண்டுக்குள் இறங்கிச் சண்டையும் போட்டார். குத்து, உதை, கழுத்துப்பிடி எல்லாம் சேர்ந்த எம்எம்ஏ சண்டை. மொத்தம் பதினாலு. ஐந்து வெற்றி, ஒன்பது தோல்வி. கடைசித் தோல்வி ஆறு வருஷத்துக்கு முன்னால், சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டையில். மூன்றாவது ரவுண்டில் எதிராளி ஹஸ்னைனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, முழங்கை மடிப்புக்குள் அவன் கழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். கூண்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்ற ஜெரிஷ் தொண்டை கிழியக் கத்தினான். இன்னும் ஐந்து விநாடி, பெல்ட் வீட்டுக்கு வந்துவிடும்.

அண்ணன் பிடியை விட்டார். யாரும் பிரிக்கவில்லை. தானாகவே கைகளைத் திறந்தார்.

ஹஸ்னைன் திரும்பி முகத்திலேயே போட்டான். நாற்பது விநாடியில் கதை முடிந்தது. நடைவழியில், கண்ணில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் ஜெரிஷ் ஒன்றுதான் சொன்னான்.

"பயந்து விடுத ஆளுக்கு இந்தக் கூண்டு எதுக்குண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐஸ் பையை மறுபடி கண்ணில் அழுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு சண்டையே போடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே ஊரில் இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவின் மருந்தைப் பற்றியும் கிறிஸ்துமஸ் லீவைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

"இந்தா, டீ ஆறுது" என்று பேப்பர் கப்பை நீட்டினார் ராமையா. புதுக்கோட்டைக்காரர், அண்ணனோடு ஒரே ரூமில் ஏழு வருஷம். ஜெரிஷின் போனை எட்டிப் பார்த்தவர், அதென்ன சண்டை விஷயமே காணோம் என்றார். தோற்றதை எப்படி எழுத என்றான் ஜெரிஷ்.

"தோத்தவருங்கிற. எங்க ரூம்ல பாத்ரூம் க்யூவுல அவருக்கு முன்னாடி நிக்க எவனுக்குத் தைரியம் வரும்? அந்த ஒடம்புக்கு ஒரு பார்வை போதும், எல்லாரும் ஒதுங்கிருவோம். ஆனா மனுசன் கடைசியாத்தான் குளிப்பாரு. ட்யூட்டிக்கு லேட்டாயி போர்மேன்கிட்ட திட்டும் வாங்குவாரு."

ராமையா சிரிக்கப் பார்த்து, முடியாமல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். பட்டாணியர் போடும் நீளமான உடுப்பு, டாக்ஸிக்காரர்களின் அடையாள அட்டை கழுத்தில். இரண்டு காதும் அண்ணனுடையதைப் போலவே பிடிச்சண்டையில் கசங்கி, பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. ஜெரிஷுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீடியோவை அவன் எத்தனை தடவை பார்த்திருப்பான்! ஹஸ்னைன்.

எழுந்து நின்றான். கப்பிலிருந்து டீ கையில் சிந்தியது. ராமையாவோ ஹஸ்னைனின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். வெள்ளிக்கிழமை ஆனால் ரூமுக்குச் சாப்பிட வருகிறவர்தானே, உனக்குத் தெரியாதா என்று ஜெரிஷிடம் கேட்டார்.

தெரியாது.

ஹஸ்னைன் இந்தியில்தான் பேசினான். தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி. அன்றைக்கு அண்ணனின் பிடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடியில் மாட்டியிருந்த இடது கையால் அண்ணனின் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான். தோற்றுவிட்டேன், விடு என்று அர்த்தம். நடுவர் மறுபக்கம் நின்றார். கேமராவும் மறுபக்கம். நடுவர் வந்து தொடும்வரை பிடியை விடக்கூடாது என்று கூண்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜிம்மில் சட்டம் வேறு. தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையின் கழுத்துப் போய்விடும். பத்து வருஷம் பிள்ளைகளிடம் பழகிய கை, கூண்டு என்பதை மறந்து திறந்துவிட்டது.

"மூச்சு வந்ததும் அடிச்சுட்டேன் பாய். யோசிக்கல. அப்புறம் ஜெயிச்சேன்னு என் கையத் தூக்கிட்டாங்க. தட்டுனதச் சொல்ல வாய் வரல."

மூன்றாம் நாள் பெல்ட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போனானாம். அண்ணன் பெல்ட்டைத் தொடவில்லை. சோறு போட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான் ஜெரிஷ். அண்ணனைக் கேட்கிறானா, இவனைக் கேட்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நானும் சொன்னேன், தம்பிகிட்ட சொல்லிடுன்னு. 'அவன் கேக்கட்டும், கேட்டா சொல்லுதேன்'னார்." ஹஸ்னைன் அந்தக் கடைசிச் சொற்களைத் தமிழிலேயே சொன்னான். "ஒவ்வொரு வெள்ளியும் நான் கேப்பேன், தம்பி கேட்டானா? இல்ல மக்கா, அப்படின்னுதான் சொல்வார்."

ஊர்க்காரர் வாயில் மட்டும் கேட்டிருந்த 'மக்கா' அந்தப் பட்டாணியரின் வாயிலிருந்து, அண்ணனின் இழுவையோடு வந்தது.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. காது மட்டும் அப்படியே இருந்தது. ஜெரிஷ் குனிந்து அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். பத்து நிமிஷமும் அப்படியே நின்றான். என்ன கேட்டான் என்று கூடவே வந்து நின்ற ராமையாவுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் போனை எடுத்தான். இந்தத் தடவை அழிக்கவில்லை.

'தொழில்: ஏசி மெக்கானிக், சண்டை வீரர். பதினாலு சண்டைகள். ஐந்து வெற்றி, ஒன்பது தோல்வி. ஒன்பதாவதில் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டியதால் பிடியை விட்டார். நடுவர் பார்க்கவில்லை. தம்பி கேட்கவில்லை.'

அதை ஹஸ்னைனுக்கு இந்தியில் சொன்னான். எதிராளி என்று மட்டும் போட்டால் போதாது, என் பெயரைப் போடு என்றான் அவன். போட்டான். போதகருக்கும் மைனிக்கும் அனுப்பினான். மைனி உடனே பார்த்துவிட்டாள். அவள் ஏதோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. ஒன்றும் வரவில்லை.

பின்வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நான்கு பேராகப் பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். தலைப்பக்கத்துக் கைப்பிடி ஜெரிஷின் கையில் இருந்தது. பெட்டி முழுக்க உள்ளே போன பிறகும் அவன் விடவில்லை. "கலாஸ் பாய், கலாஸ்" என்றான் டிரைவர், முடிந்தது என்று. விரல் மூட்டுகள் வெளுத்துப்போயின.

ஹஸ்னைன் பக்கத்தில் வந்தான். ஜெரிஷின் முன்கையில் உள்ளங்கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான்.

ஜெரிஷ் கையை விட்டான்.