மேல்மாடி விலை

அந்த மரச்சாமான் கடையில், எதையும் விற்காமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் ஒருத்தி இருந்தாள். கடை ஆட்கள் அவளை மேல்மாடி அக்கா என்று கூப்பிட்டார்கள். காலையில் அவள் படியேறும்போது, "என்னக்கா, மேல்மாடி காலியா?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. "காலியா இருந்தாத்தான்டா எனக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போவாள்.

விஷயம் இதுதான். கடையில் வருஷம் பூராவும் தள்ளுபடி. சோபா பாதி விலை, கட்டில் பாதி விலை, அலமாரி பாதி விலை. பாதி என்று ஒன்று இருந்தால் முழுசு என்று ஒன்று எங்காவது இருந்திருக்க வேண்டுமே? அந்த முழு விலைக்குப் பொருள் ஒரு மாதமாவது கடையில் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதலாளி சட்டத்தை மதிப்பவர். அதனால் புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் மாடிக்குப் போகும். இரட்டிப்பு விலை எழுதிய சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அங்கே ஒரு மாதம் கிடக்கும். மாடிக்கு வழிகாட்டும் பலகை எதுவும் கிடையாது. படிக்கட்டு வாசலை மறைத்து மெத்தைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மாதம் முடிந்ததும் சரக்கு கீழே இறங்கும். பழைய விலைமேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அசல் விலை பக்கத்தில் பெரிய எழுத்தில் ஜம்மென்று உட்காரும். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் ஜனங்களுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இதில் யாரும் ஏமாறவில்லை என்பது முதலாளியின் கட்சி. "சரியான விலையைத்தானே குடுக்கறாங்க? கூடவே கொஞ்சம் சந்தோஷம். அது இலவசம்" என்பார்.

மாடியில் ஆள் இருந்தால்தான் அது விற்பனை. அந்த ஆள்தான் அக்கா. யாராவது தப்பித்தவறி ஏறி வந்துவிட்டால், "கீழ நல்லதா நிறைய இருக்கு, போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அக்காவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. குறை என்ன குறை, முதலாளியை நினைத்தாலே அவளுக்குக் கண் கலங்கும். பாதி ஆயுளைத் துணிக்கடையில் விற்பனையில் கழித்தவள் அவள். அந்தக் கடையை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் பேச்சைக் கேட்பதில்லை. ஏறி இறங்கிய இடமெல்லாம், "சின்ன வயசுல ஆள் பார்க்கறோம்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இவர் ஒருவர்தான், "உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டார். மகள் வீட்டு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தவள், இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தனக்கென்று ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தன் இஷ்டத்துக்குத் தூங்குவது எத்தனை பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நன்றியை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

ஒரு நாள் மெத்தைகளை வண்டியில் ஏற்றுவதற்காக எடுத்திருந்தார்கள். அந்தச் சந்தில் ஒரு மனிதர் மாடிக்கு ஏறி வந்துவிட்டார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் சீப்பு. ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியையும் அழுத்திப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். அக்கா அவரைக் கீழே அனுப்பத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் விற்றுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "யாருக்குங்க பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டது.

"வீட்டுக்காரிக்கும்மா. நுரையீரல்ல கோளாறு. படுத்தா மூச்சு முட்டுது. தலைகாணி அடுக்கிப் பார்த்தேன், சறுக்கிச் சறுக்கிக் கீழ வந்துடறா." அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "நான் சலூன் வெச்சிருக்கேன். ஒரு நாள் முடியாம என் சலூன் நாற்காலியைச் சாய்ச்சு அதுல உட்கார வெச்சேன். அப்படியே தூங்கிட்டா. அன்னையிலேர்ந்து அவளுக்கு அதுதான் கட்டில். காலையில ஆள் வந்தா, தூங்கறவளை எழுப்பிட்டு அவங்க தலையைப் பார்க்க வேண்டியிருக்கு. சில பேர் பாவப்பட்டு ஸ்டூல்ல உட்கார்ந்தே வெட்டிக்கிட்டுப் போறாங்க."

"கீழ கேட்டீங்களா?"

"எவ்வளவுல பார்க்கறீங்கன்னு கேட்டாங்க. சோபா செட்டு காட்டினாங்க."

அதற்குமேல் அக்காவை யாராலும் தடுத்திருக்க முடியாது. அந்த அம்மா உயரமா குள்ளமா, எந்தப் பக்கம் சாய்ந்தால் மூச்சு சுகமாக வரும், கைக்கு வலு இருக்கிறதா, எழுந்திருக்கும்போது எதைப் பிடிப்பார் என்றெல்லாம் கேட்டாள். ஒவ்வொன்றிலும் அவரை உட்காரவைத்தாள். நெம்புகோலை இழுத்துச் சாய்க்கும் நாற்காலியை, "அவங்களால இழுக்க முடியாது" என்று தானே ஒதுக்கினாள். கடைசியில் ஜன்னலோரம் கிடந்த சாம்பல் நிற நாற்காலியைக் காட்டினாள். பொத்தானைத் தொட்டால் போதும், முதுகு சாயும், கால் உயரும். அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, மனைவி மூச்சு விடுகிற மாதிரியே இழுத்து இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதுதான்" என்றார்.

விலைச்சீட்டை அவர் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "கடைக்குப் புதுசா கண்ணாடி போடலாம்னு வெச்சிருந்தேன். கண்ணாடி கிடக்குது, விடுங்க."

அப்போதுதான் அக்காவுக்குச் சுரீரென்றது. "ரெண்டு வாரம் பொறுத்து வந்தீங்கன்னா..." என்று இழுத்தாள்.

"இன்னைக்கு ராத்திரி அவ தூங்கணும்மா" என்றார் அவர்.

அக்கா பில்லை எழுதினாள்.

நாற்காலி வண்டி ஏறிய கையோடு முதலாளி மாடிக்கு ஓடி வந்தார். திட்டு விழப் போகிறது என்று அவள் எழுந்து நின்றாள். அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அந்த விலைக்கே வித்துட்டீங்களா! சட்டத்துக்கு இனி என்ன வேணும்? எந்த அதிகாரி வந்து கேட்டாலும் இந்தப் பில்லை எடுத்து நீட்டலாம்" என்று பில் நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவளுக்கு அந்த மாதம் கூடுதலாகவும் கொடுத்தார்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரை அந்த விலை யாரையும் தொடாத வெறும் பொய். கழுத்துச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பொய்யை அவள் ஒரு மனிதர் தலையில் கட்டிவிட்டாள். அதுவும் ஊரே நம்பித் தலையைக் கொடுக்கிற மனிதரின் தலையில்.

அந்த மனிதரோ சும்மா இருக்கவில்லை. கத்தரியோடு வாயும் ஓடுகிற தொழில் அல்லவா? "மெத்தைக்குப் பின்னாடி படி இருக்கு, மேல ஒரு அம்மா இருக்காங்க, காசைப் பத்திக் கேட்கமாட்டாங்க, தூக்கத்தைப் பத்திக் கேட்பாங்க" என்று வருகிற தலைக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். புதிதாக வெட்டிய முடியோடு ஆட்கள் மெத்தையை நகர்த்திக்கொண்டு ஏறி வரத் தொடங்கினார்கள். அவர்களைக் கீழே அனுப்புவதற்குள் அக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது. ஒவ்வொருவரும் அவளைப் பார்த்த மரியாதை அவளைக் குத்தியது.

மறுநாள் அதே ரகத்துச் சாம்பல் நாற்காலிகள் கீழே இறங்குகின்றன என்றபோது, வேலை முடிந்ததும் அவள் நேரே சலூனுக்குப் போனாள்.

சலூன் நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் உள்ளறையில், அவள் விற்ற நாற்காலியில், அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சலூன்காரர் உதட்டில் விரலை வைத்து அக்காவை வரவேற்றார். இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஆகவே அக்கா தன் வண்டவாளத்தையெல்லாம் கிசுகிசுத்தே சொல்ல வேண்டியிருந்தது. மாடி, சீட்டு, சிவப்புக் கோடு, நாளைக்குப் பாதி விலை. "பாதி இல்லீங்க, அதுதான் முழு விலை. நீங்க குடுத்தது விலையே இல்லை."

சவரக் கத்தி நின்றது. "நாளைக்கு நானே போர்டைப் பார்த்திருப்பேனே. நீங்க ஏன் வந்து சொல்றீங்க?"

"பார்த்திருந்தா என்னைத் திருடின்னு நினைச்சிருப்பீங்க."

"நினைச்சிருப்பேன்தான்" என்றார் அவர், பூசி மெழுகாமல். திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஆனா விலை வேற, நாற்காலி வேறம்மா. விலைக்கு உங்க முதலாளிகிட்ட வந்து பேசிக்கறேன். நாற்காலிக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டவன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"நியாயம்தான்" என்றது நுரைக்குள்ளிருந்து ஒரு கிசுகிசு.

மறுநாள் கடை திருவிழாக்கூட்டமாக இருந்தது. வாசலிலேயே சாம்பல் நாற்காலி. தலைக்குமேல் ஆள் உயரத்துக்குப் போர்டு, சிவப்புக் கோடு. சலூன்காரர் மனைவியோடு வந்தார். தெருவிலிருந்து நடந்து வந்ததில் இரைத்துப்போன அந்த அம்மா, தெரிந்த நாற்காலியைப் பார்த்ததும் உரிமையோடு உட்கார்ந்து, பொத்தானை அழுத்திச் சாய்ந்துகொண்டார். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

சலூன்காரர் குரலை உயர்த்தவில்லை. "முதலாளி, நாற்காலி என்ன விலைன்னு சலூன்ல தினம் கேட்கறாங்க. நான் குடுத்த விலையைச் சொல்லட்டுமா, இந்தப் போர்டு விலையைச் சொல்லட்டுமா?"

சுற்றிலும் நின்ற நாலைந்து பேர் திரும்பினார்கள். முதலாளி அவரைத் தோளில் கைபோட்டு மேஜைக்குப் பின்னால் அழைத்துப்போனார். "எதுக்கு மனக்கசப்பு? அதிகமாக் குடுத்ததை இப்பவே கையில வாங்கிக்கோங்க. பில் மட்டும் பழையபடியே இருக்கட்டும்." சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா.

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. சலூன்காரருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். "அக்கா வேலைக்கு ஒண்ணும் வராதுன்னா, பில் எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு தலையசைப்பு போதும். பணம் திரும்பிவிடும், வேலை நிற்கும், அறை நிற்கும். ஆனால் அந்தப் பில் இருக்கும்வரை, இந்த மனிதர் கண்ணாடிக்கு வைத்திருந்த காசைக் காட்டித்தான் இனி வருகிறவர்களையெல்லாம் நம்பவைப்பார்கள்.

"புது பில் போட்டுடலாம் முதலாளி" என்றாள். "யாரும் என்னைச் சேர்த்துக்காத காலத்துல நீங்க சேர்த்துக்கிட்டீங்க. நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இனி வரவேண்டாம்னாலும் நன்றி சொல்லிட்டுத்தான் போவேன். ஆனா அது என் கையால எழுதின பில்லு."

கல்லாவிலிருந்து யாரோ முதலாளியைக் கூப்பிட்டார்கள், காதில் வாங்கவில்லை. பிறகு பழைய நகலை எடுத்து இரண்டாகக் கிழித்துவிட்டு, பில் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் அசல் விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மீதிப் பணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இனிமே நீங்க மேல போக வேண்டாம்" என்றார். "உங்களைத் தேடி மெத்தையைத் தள்ளிட்டு ஏறி வர்றாங்க. அப்புறம் அந்த மாடியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கீழயே இருங்க. நிக்க வேண்டாம், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க."

முதலாளி அதோடு துறவியாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற சிவப்புக் கோடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சாம்பல் நாற்காலிக்கு மேலிருந்த போர்டை மட்டும் இரண்டு பேர் ஏணி போட்டு இறக்கினார்கள். அன்றைக்கு அவளுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. முதலாளிமேல் இருந்த நன்றி குறையவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா எழுந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நேத்து... எனக்குக் கனவு வந்துச்சும்மா."

"என்ன கனவு?"

"அது மறந்துபோச்சு." அவர் சிரித்தார். "கனவு வர்ற அளவுக்கு... தூங்கி எவ்வளவோ நாளாச்சு. அதைச் சொல்லத்தான் நானும் வரேன்னு கூட வந்தேன்."

அக்கா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரு முனைவரை கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தாள்.