விரல் நுனியில் பட்ட பந்து

பார்சல் பிரிக்கும் கூடத்தில் அவள் காலை ஷிஃப்டின் சூப்பர்வைசர். நாற்பத்து நான்கு வயது. பெல்ட்டில் ஓடி வரும் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து வண்டிகளில் ஏற்றும் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு. பெல்ட்டின் வளைவில் ஒரு பெட்டி சரிந்தால், மற்றவர்கள் ஐயோ என்பதற்குள் அது அவள் கையில் இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடத் தரையில் விட்டதில்லை என்று அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வாள். யாரும் மறுத்ததில்லை.

பிரிவுகளுக்கு இடையில் நடக்கும் வாலிபால் போட்டிக்குக் கூடத்துப் பெண்கள் பெயர் கொடுத்தது அந்த வருஷம்தான் முதல்முறை. கொடுக்க வைத்தவள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வாசல் நிலை இடிக்கும் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவள் நெட்டை. அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பியும் பார்ப்பாள். பள்ளியில் படித்த காலம் முழுவதும் வாலிபால் ஆடியவள். தேற்றித் தேற்றி ஐந்து பேரைச் சேர்த்து, தன்னோடு ஆறு பேர் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த ஐவரில் ஒருத்தி மாடிப்படியில் சறுக்கிக் கணுக்காலில் கட்டோடு வந்து நின்றாள். ஆறு பேர் இல்லையென்றால் அணியின் பெயரையே அடித்துவிடுவார்கள்.

சாப்பாட்டு அறையில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் தன் டப்பாவைக் கழுவி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“என் பேரப் போடு. ஒரு பந்தத் தட்டுறதுல என்ன இருக்கு?”

என்ன இருக்கிறது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. வண்டிகள் நிற்கும் முற்றத்தில் கயிறு கட்டி, நெட்டை அந்தப் பக்கமிருந்து பந்தை மெதுவாகப் போட்டாள். சூப்பர்வைசர் அதை அழகாகப் பிடித்தாள். இரண்டாவதையும் பிடித்தாள். பத்து பந்து போட்டால் பத்தும் அவள் நெஞ்சோடு வந்து பத்திரமாக உட்கார்ந்தன. வாலிபாலில் பந்தைப் பிடித்தால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட் என்று நெட்டை சொன்னதும், அது என்ன ஆட்டம் என்று அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

“பார்சல் மாதிரி நெனைக்காதீங்கக்கா. இது நம்மகிட்ட தங்குற பொருள் இல்ல. வந்த கையோட அனுப்பிடணும்” என்றாள் நெட்டை.

பிறகு அடிப்படையிலிருந்து ஆரம்பித்தாள். காலைத் தோள் அகலத்துக்கு விரித்து, முட்டியை மடக்கி, உட்காரப்போகிறவள் மாதிரி நிற்க வேண்டும். ஒரு கைமேல் மறு கையை வைத்து இரண்டு கட்டை விரல்களையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் சதையில் பந்து பட வேண்டும். கையை வீசவே வேண்டாம். கால் எழும்பினால் பந்தும் எழும்பும். ஒரு அணி மூன்று தட்டுக்குள் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பியாக வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. வலையில் கை பட்டால் தப்பு. சர்வீஸ் தங்கள் பக்கம் திரும்பி வரும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகார முள்போல ஓரிடம் நகர வேண்டும்.

கடைசியாகச் சொன்னது மட்டும் சூப்பர்வைசருக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. வருஷக்கணக்காக யார் எந்த இடத்தில் நிற்பது என்று அட்டவணை போட்டவள். மறுநாளே ஆறு வட்டம் வரைந்து அம்புக்குறி போட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டாள். ஆனால் கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பந்தைக் கண்டதும் விரல்கள் தாமாக விரிந்தன.

நெட்டை இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து அவள் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தாள். பந்து வந்து போகும்வரை கைக்குட்டை கீழே விழக் கூடாது. கையைப் பிரித்தால் விழுந்துவிடும். எதையும் கீழே விடாதவள் என்ற பெருமை சூப்பர்வைசருக்கு இருந்ததே, அது இங்கே உதவிக்கு வந்தது. கைக்குட்டையை விடவில்லை, பந்து முன்கையில் பட்டு எழும்பியது. முதலில் பக்கத்துச் சுவருக்குப் போனது, பிறகு கூரைக்குப் போனது, ஒரு வாரத்தில் நெட்டையின் தலைக்கு மேலே போய் நின்றது.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராத வேலை. சாயங்காலம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், பைக்கின் மேல் உட்கார்ந்தபடி அவளுக்குப் பந்து போட்டார். முன்கை இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்திருப்பதைப் பார்த்து, வெளியில் யாராவது கேட்டால் வாலிபால் என்று முதலில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இருபது பந்து போடச் சொன்னாள்.

மேலிருந்து ஓங்கி அடிக்கும் சர்வீஸ் மூன்று வாரத்தில் வராது என்று நெட்டை சொல்லிவிட்டாள். அதனால் பந்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையின் அடிப்பகுதியால் கீழிருந்து தட்டிவிடும் சர்வீஸை மட்டும் கற்றுக் கொடுத்தாள். அதில் வேகம் கிடையாது. ஆனால் சூப்பர்வைசர் நினைத்த இடத்தில் அது விழுந்தது.

பெண்கள் பிரிவில் மொத்தமே இரண்டு அணிகள். ஆகவே முதல் ஆட்டமே இறுதி ஆட்டம். எதிரணி மேல்மாடி அலுவலகத்துப் பெண்கள். ஒரே நிறத்தில் சட்டை, முட்டிக்கு உறை எல்லாம் போட்டு வந்திருந்தார்கள். மூன்று செட்டில் இரண்டை எடுப்பவர்களுக்கு வெற்றி. ஆட்டத்தின் முதல் சர்வீஸ் நேராக சூப்பர்வைசரிடம் வந்தது. அவள் அதைப் பிடித்துவிட்டாள்.

உடனே சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பார்வையாளர்களின் பின்வரிசையில் நின்ற அவள் கணவரும் சிரித்தார். அவள் கையிலிருந்த பந்தைப் பார்த்தாள், தானும் சிரித்துவிட்டு, அதை எதிரணிக்கு உருட்டிவிட்டாள். முட்டியை மடக்கி மறுபடி நின்றாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் ஒரு பந்தையும் பிடிக்கவில்லை.

முதல் செட்டை மேல்மாடி எடுத்துக்கொண்டது. இரண்டாவது செட்டின் நடுவில் சூப்பர்வைசரின் சர்வீஸ் முறை வந்தது. அதுவரை அவள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கூடத்தில் எந்த இடத்தில் ஆள் இல்லை என்பதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. பின்வரிசையில் இடது மூலைக்காரிக்கும் நடுவில் நின்றவளுக்கும் இடையில் ஒரு இடம், இருவருமே மற்றவள் எடுப்பாள் என்று விட்டுவிடும் இடம், அவள் கண்ணில் பட்டது. பந்தை அங்கே மெதுவாக அனுப்பினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து தரையைப் பார்த்துக்கொண்டது. அதே இடத்துக்கு மறுபடியும் அனுப்பினாள். வரிசையாக ஏழு பாயிண்ட். இரண்டாவது செட் கூடத்துக்கு.

மூன்றாவது செட் பதினைந்து பாயிண்ட்தான். ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். பதினான்குக்குப் பதின்மூன்று என்று கூடம் முன்னால் இருந்தது. சூப்பர்வைசர் வலையோரம் வலது பக்கம் நின்றிருந்தாள். எதிரணித் தலைவி எம்பி அடித்தாள். சூப்பர்வைசர் வலையைத் தொடாமல் இரண்டு கையையும் உயர்த்தினாள். பந்து பின்கோட்டைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. நடுவர் கையைக் காட்டி அவுட் என்றார். பதினைந்து. ஆட்டம் முடிந்தது. நெட்டை பக்கத்தில் இருந்தவளைத் தூக்கிச் சுற்றினாள்.

சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய நடுவிரல் நுனி விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பந்து வெளியே போவதற்கு முன்னால் அங்கே உரசிவிட்டுப் போயிருந்தது. அப்படியானால் பாயிண்ட் அடித்தவர்களுக்கு. நடுவர் பார்க்கவில்லை, எதிரணியும் பார்க்கவில்லை. அவள் கையைத் தூக்கினாள்.

“சார், என் விரல்ல பட்டுத்தான் போச்சு.”

நடுவர் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு எண்ணை மாற்றினார். பதினான்குக்குப் பதினான்கு. சர்வீஸ் மேல்மாடிக்கு. நெட்டை தூக்கிய பெண்ணை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“எதுக்குக்கா? அவரே பாக்கலையே.”

“எனக்குத் தெரியுமில்ல.”

“இப்ப தோத்துட்டா?”

“தோக்க மாட்டோம். போய் குனிஞ்சு நில்லு.”

அடுத்த சர்வீஸ் வேண்டுமென்றே அவளை நோக்கி வந்தது. கைகள் சேர்ந்தன, முட்டி எழும்பியது, பந்து வலைக்கருகே உயரமாகப் போய் நின்றது. கூடத்திலேயே மிகக் குள்ளமான பெண், பொடிசு என்று கூப்பிடப்படுபவள், அதை விரல்களால் நெட்டைக்குத் தூக்கிக் கொடுத்தாள். கோபம் முழுவதையும் கையில் சேர்த்து நெட்டை அடித்த அடியைத் தொட ஆள் இல்லை. பதினைந்துக்குப் பதினான்கு. எல்லோரும் ஓரிடம் நகர, சர்வீஸ் சூப்பர்வைசருக்கு வந்தது.

அவள் பழைய இடத்துக்கே அனுப்பினாள். இம்முறை எதிரணித் தலைவி உஷாராக இருந்தாள். எனக்கு என்று கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்து எடுத்தாள். அடுத்தவள் தூக்கிக் கொடுக்க, இன்னொருத்தி ஓங்கி அடித்தாள். பந்து சூப்பர்வைசரின் முன்கையில் மோதிப் பின்பக்கமாகக் கோட்டுக்கு வெளியே பறந்தது. நெட்டை துரத்திக்கொண்டு ஓடினாள். தரைக்கு ஒரு சாண் மேலே, வலைக்கு முதுகைக் காட்டியபடியே, தலைக்குப் பின்னால் தட்டிவிட்டு விழுந்தாள். இன்னும் ஒரே ஒரு தட்டு பாக்கி. பொடிசு கண்ணை மூடிக்கொண்டு பந்தை வானத்தைப் பார்க்கத் தள்ளினாள்.

அது வெளியே போய்விடும் என்று மேல்மாடிப் பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். பந்து நிதானமாக இறங்கிப் பின்கோட்டின் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் விழுந்து, கொஞ்சம் தூசியைக் கிளப்பிவிட்டு எகிறியது. கோட்டில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு. நடுவர் கூடத்தின் பக்கம் கையை நீட்டினார்.

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. நெட்டை முழங்கை சிராய்ப்போடு எழுந்து வந்து சூப்பர்வைசரின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். கணவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். விரலை வாங்கிப் பார்த்தார், வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்றார்.

எதிரணித் தலைவி வலையின் அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். எத்தனை வருஷமாக ஆடுகிறீர்கள் என்று கேட்டாள். மூன்று வாரம் என்றதும் அவள் நம்பவில்லை. நெட்டை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பந்தைக் குறிப்பிட்ட இடத்தில் போடும் அந்த சர்வீஸைத் தங்களுக்கும் சொல்லித்தர முடியுமா என்று தலைவி கேட்டாள். சூப்பர்வைசர் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

“திங்கக்கிழமை நாலு மணிக்கு முற்றத்துக்கு வாங்க. லேட்டா மட்டும் வராதீங்க.”

தலைவி போனதும் நெட்டை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ரகசியத்த எல்லாம் அவங்களுக்கே சொல்லிக் குடுத்துட்டா, அடுத்த வருஷம் நாம என்னக்கா பண்றது?”

“அதுக்குள்ள மேலேருந்து அடிக்கிற சர்வீஸ நீ எனக்குக் கத்துக் குடுத்துடுவியே” என்றாள் சூப்பர்வைசர். கணவரிடம் பாட்டிலை நீட்டிவிட்டு, வலையை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தாள்.